சாஸி கோஹேனின் வம்சம்

இஸ்ரேலின் தெற்கே, ஒஃபாகிம் ஊரில் குழாய் உடைந்தால் சாஸி கோஹேனைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் வேறு இரண்டு குழாய்க்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் வருகிறேன் என்று சொல்லி வரமாட்டார். இன்னொருவர் வந்தால் உடையாமல் இருந்ததும் உடையும். சாஸி சொன்ன நேரத்துக்கு வருவார், வந்ததும் வீட்டுக்காரரைத் திட்டத் தொடங்குவார், திட்டி முடிக்கும்போது ஒழுகல் நின்றிருக்கும். ஒரே ஒரு சமயம்தான் அவர் வாசற்படி தாண்ட மாட்டார். அந்த வீட்டில் சாவு விழுந்திருந்தால்.

அது அவர் பிடிவாதம் அல்ல. கோஹேன் என்றால் எருசலேமில் ஆலயம் இருந்த காலத்துப் பூசாரிகளின் வழிவந்தவன். ஆலயம் இடிந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் ஆகிறது. பூசை போய்விட்டது, பலிபீடம் போய்விட்டது; பூசாரிக்குப் போட்ட தடைகள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே நிற்கின்றன. பெற்றவர்கள், பெற்ற பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், கட்டியவள், இவர்களைத் தவிர வேறு யார் உடல் கிடக்கும் கூரைக்குள்ளும் அவன் நுழையக் கூடாது. ஹதாத் வீட்டுப் பெரியவர் இறந்த அன்று பார்த்து அந்த வீட்டுச் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. சாஸி தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"இடது பக்கம் திருப்பு! உன் இடது இல்லடா, குழாயோட இடது! செத்தவரே எந்திரிச்சு வந்து திருப்பிடுவாரு போலிருக்கே!"

துக்கத்துக்கு வந்தவர்கள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தவித்தார்கள். அதுதான் சாஸி. வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில். கோஹேன்கள் எல்லோருமே அப்படித்தான் என்று துனீசியாவின் ஜெர்பா தீவிலிருந்து வந்த யூதர்களான எங்கள் ஆட்கள் கேலி பேசுவதுண்டு. கேலியோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

கோஹேனுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. விவாகரத்தானவளை அவன் கட்டக் கூடாது. மற்றவர்கள் கோபத்தில் மனைவியை விலக்கிவிட்டு, கோபம் ஆறியதும், அவள் இடையில் வேறொருவனுக்கு வாழ்க்கைப்படாமல் இருந்தால், மறுபடி கூட்டி வந்துகொள்ளலாம். கோஹேனுக்கு அது கிடையாது. அவளை விலக்கியவன் அவனே என்றாலும் அவள் விலக்கப்பட்டவள்தான்.

சாஸிக்கு இது தெரியாதா? பால் குடிக்கும்போதே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் கமூனாவை விலக்கினார்.

ஒரு பானையால் வந்த வினை அது. கமூனா ஜெர்பாவிலிருந்து கப்பலில் வந்தபோது மடியில் வைத்துக் காப்பாற்றி வந்த செப்புப் பானை, அவள் அம்மா கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதில் கறி வெந்துகொண்டிருந்தது. அவசரத்தில் வெண்ணெய்க் கரண்டியை எடுத்துக் கிளறிவிட்டாள். பாலும் இறைச்சியும் சேரக் கூடாது; சேர்ந்துவிட்டால் மதகுருவான ரபியிடம் போய்க் கேட்க வேண்டும், அவர் வழி சொல்வார். கமூனா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு ரபியிடம் கிளம்பத்தான் செய்தாள். அதற்குள் சாஸி பானையைக் கறியோடு தூக்கிக்கொண்டு போய், தெருமுனையில் வந்த குப்பை லாரிக்குள் எறிந்துவிட்டார்.

ரபி சியோன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "கறியை மட்டும் கொட்டிட்டு, பானையைக் கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்திருந்தா போதுமே. இதுக்கா லாரி?"

கமூனா அன்றைக்கு அழவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. பத்து நாள் பேசாமல் இருந்தாள். பதினோராவது நாள், "கேட்காம தூக்கி எறியறதுதான் உன் வழக்கம்னா என்னையும் எறிஞ்சிடு" என்றாள். "எறியறேன்" என்றார் சாஸி. இரண்டு பேரும் பேர்ஷேவா மத நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதிகள் திருப்பி அனுப்பினார்கள். மாதம் ஒன்று கழித்துப் போனார்கள். திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை, மூவரில் வயதானவர் சாஸியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மகனே, நீ கோஹேன். மத்தவங்களுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கு. உனக்கு இல்ல. போய் அவகிட்ட மன்னிப்புக் கேளு."

மன்னிப்பு என்ற சொல் சாஸியின் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் கமூனா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முதலில் பேசட்டும் என்று இவரும், இவர் முதலில் பேசட்டும் என்று அவளும் இருந்தார்கள். எழுத்தர் அங்கேயே உட்கார்ந்து பன்னிரண்டு வரியில் விலக்குச் சீட்டு எழுதினார். மை காய்ந்தது. குவித்து நீட்டிய அவள் கைகளில் சாஸி அந்தச் சீட்டைப் போட்டார். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவு வரை நடந்து காட்டினாள். சட்டப்படி எல்லாம் முடிந்தது. மன்னிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

விலக்கிய கோஹேனும் அவளும் ஒரே சந்தில் குடியிருக்கவும் கூடாது. வீடு அவளுக்கு என்று விட்டுவிட்டு, சாஸி சந்தைக்குப் பின்னால் ஓர் அறைக்குப் போனார். மகள் ஸிவ்யாவுக்கு அப்போது பதினாறு. இரண்டு வருஷத்தில் அவளைப் பினஹாஸுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பினஹாஸும் கோஹேன், தோரா வேதத்தைக் கரைத்துக் குடித்தவன், கட்டளை என்றால் இம்மி பிசகாதவன். கோஹேன் வீட்டுப் பெண் கோஹேன் வீட்டுக்கே போனாள் என்று ஊரே மெச்சியது. அடுத்தடுத்து மூன்று பையன்கள், ஒரு பெண்.

பதினோரு வருஷம் போயிற்று. அந்தப் பதினோரு வருஷமும் கமூனா வீட்டுக் குழாய் மாதம் ஒருமுறை ஒழுகியது.

சாஸி போவார். இருவரும் தனியாக இருக்கக் கூடாது என்பதால் வாசல் கதவு விரியத் திறந்திருக்கும். பக்கத்து வீட்டு தைத்தா காவலுக்கு வந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பாள்.

"இந்த ஊர்ல இவ்வளவு ஒழுகுற வீடு வேற ஒண்ணும் இல்ல" என்பாள் தைத்தா. "கமூனா, ஸ்பானரை எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கே?"

"விதையைத் தின்னு, வாயை மூடு" என்பாள் கமூனா.

"திங்கறதுக்கு வாயைத் திறக்கணுமே."

சாஸி தொட்டிக்கு அடியில் படுத்தபடி சிரிப்பார். வேலை முடிந்ததும் கமூனா ஒரு தட்டில் கீரைக் குழம்பும் ரொட்டியும் கொண்டுவந்து வாசற்படியில் வைப்பாள். அவர் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். உள்ளே அவள் சாப்பிடுவாள். நடுவில் தைத்தாவின் விதைத்தோல் குவியும். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

ஒரு நாள் அவர் ஸ்பானர் பையைக் கட்டும்போது கமூனா கேட்டாள், தைத்தா இருக்கிறாள் என்றும் பார்க்காமல். "வழியே இல்லையா, சாஸி?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாத மாதிரி கேட்காதே. எனக்கு அம்பத்தாறு வயசாச்சு."

சாஸி ஸ்பானரைப் பைக்குள் போட்டுக் கட்டினார். அன்றே ரபி சியோனிடம் போனார். ரபி எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டவர் போல உடனே பதில் சொன்னார். "ஒரே வழிதான். நீ கோஹேனே இல்லேன்னு ஆகணும். வாய்ச் சொல் போதாது, ஆதாரம் வேணும். உன் அப்பா க்லீஃபா மாதிரி கறாரான கோஹேனை ஜெர்பாவே பார்த்ததில்லை. போய் வேலையைப் பாரு."

அந்த வருஷப் பனிக்காலத்தில் ராம்லாவிலிருந்து சேதி வந்தது. சாஸியின் அம்மாவுக்கு அக்கா, ஜெய்ரா பெரியம்மா, காலமாகிவிட்டாள். சாஸி பஸ் ஏறிப் போய், வழக்கம்போலத் தெருவில் நின்றார். பெரியம்மாவின் மகள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின்னை அவர் கையில் வைத்தாள்.

"இது உங்க அம்மாவோடதாம். யாரும் திறக்கக் கூடாது, நான் போனப்புறம் சாஸிகிட்ட மட்டும் குடுன்னு எங்க அம்மா சொல்லிட்டே இருந்தா."

பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து திறந்தார். உள்ளே அப்பா அம்மாவின் கல்யாணப் பத்திரம். அது ஏன் பெரியம்மாவிடம் போயிற்று என்று முதலில் புரியவில்லை. ஜெர்பாவில் அல்ல, தூரத்தில், தெற்கே தத்தாவீன் ஊரில் எழுதியது. அப்பா அந்தப் பக்கமெல்லாம் கழுதையில் துணி விற்றவர். மாப்பிள்ளை பெயர், ஷூஷான் மகன் க்லீஃபா. அதற்குப் பிறகு வர வேண்டிய 'கோஹேன்' இல்லை. பெண் பெயர், மஸூதா. அதற்குப் பிறகு, கன்னி என்று எழுத வேண்டிய இடத்தில், விலக்கப்பட்டவள் என்று எழுதியிருந்தது.

மூன்று தரம் படித்தார். பிறகு எல்லாம் விளங்கியது. எங்கோ ஓர் ஊரில், கணவன் கைவிட்ட ஒரு பெண்ணை அப்பா பார்த்திருக்கிறார். கோஹேன் என்று சொன்னால் எந்த ரபியும் கட்டிவைக்க மாட்டார். சொல்லாமல் கட்டிக்கொண்டு, புதுப்பெண் என்று ஊருக்கு அழைத்து வந்திருக்கிறார். பத்திரத்தை வீட்டில் வைக்கவும் முடியாது, கிழிக்கவும் முடியாது. பத்திரம் இல்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்து வாழக் கூடாது என்பது கட்டளை. பெரிய கட்டளையை மீறிய மனிதர் சின்னக் கட்டளையை மீற மனமில்லாமல், பத்திரத்தை மைத்துனியிடம் கொடுத்து வைத்திருக்கிறார். எங்கள் ஆட்களின் புத்தி அப்படித்தான். நான் சிரிக்கவில்லை, எனக்கும் அதே புத்திதான்.

கோஹேன் ஒருவன் விலக்கப்பட்டவளிடம் பெற்ற பிள்ளை கோஹேன் அல்ல. தடையும் இல்லை. யாரை வேண்டுமானாலும் கட்டலாம்.

சாஸி பெஞ்சிலேயே வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த சிப்பாய் ஒருவன் எழுந்து தள்ளிப் போனான். ஊர் வரும்வரை சாஸி டின்னை மடியிலிருந்து இறக்கவில்லை. கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுவது, தைத்தாவுக்கு எத்தனை கிலோ விதை வாங்குவது என்றெல்லாம் கணக்குப் போட்டார். அறுபது வயதுக்கு அது அதிகச் சந்தோஷம்.

அறைக்குப் போகாமல் நேரே கமூனா வீட்டுக்குத்தான் போனார். தைத்தா வரும்வரை வாசலில் கால் மாற்றி மாற்றி நின்றார். "நீ போ தைத்தா, முற்றத்துல உட்காரு, கதவு திறந்தேதான் இருக்கு" என்றார். கமூனாவுக்குப் படிக்கத் தெரியாது. விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

"நான் கோஹேன் இல்ல கமூனா. பிறந்ததிலேர்ந்தே இல்ல. நாளைக்கே ரபிகிட்ட காட்டிட்டா..."

கமூனாவின் முகம் முதலில் மலர்ந்தது. அதை சாஸி பார்த்தார். சாகும்வரை மறக்க மாட்டார். அடுத்த நொடி அந்த முகம் அப்படியே நின்றது.

"ஸிவ்யா?" என்றாள்.

"ஸிவ்யாவுக்கு என்ன?"

"அவ யாரோட பொண்ணு, சாஸி?"

ராம்லாவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அந்த இரண்டு மணி நேரத்தில் அந்த மனிதருக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். அவர் படித்த கட்டளைதான் அதுவும்: கோஹேனுக்கு விலக்கப்பட்டவளிடம் பிறந்து வம்சம் கெட்டவனின் மகளைக் கோஹேன் கட்டக் கூடாது, தெரியாமல் கட்டியிருந்தால் விலக்க வேண்டும். அவள் பெற்ற பையன்களும் கோஹேன்கள் அல்ல. பினஹாஸ் ஸிவ்யாவை உயிராக நேசிக்கிறவன். ஆனால் இது காதில் விழுந்தால் அழுதுகொண்டே அன்று மாலையே நீதிமன்றத்துக்குப் போவான்.

சாஸி பத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முற்றத்திலிருந்து விதை உடைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"யாருக்கும் தெரிய வேணாம்னு வெச்சுக்கிட்டா?" என்றார் கடைசியில்.

"தெரியாம எப்படிக் கட்டுவே? எந்த ரபி கட்டி வைப்பாரு?"

"நாம தத்தாவீன் மாதிரி எங்கேயாவது..."

"இது உங்க அப்பா காலம் இல்ல. கம்ப்யூட்டர்ல பேரு இருக்கு. உன் பேருக்குப் பின்னாடி கோஹேன்னு இருக்கு, என் பேருக்குப் பின்னாடி விலக்கப்பட்டவள்னு இருக்கு." பத்திரத்தை மடித்தாள். "நான் படிக்கத் தெரியாதவ. நான் ஒண்ணும் பார்க்கலை. நீயும் வயசான கண்ணோட என்னத்தையோ படிச்சே."

"அப்ப அவ குடும்பம்? கடவுள் பார்வையில அவங்க வாழறது..."

"சொல்லாதே!" கமூனா கத்திவிட்டாள். முற்றத்தில் விதைச் சத்தம் நின்றது. "என் பொண்ணைப் பத்தி அந்தச் சொல்லைச் சொல்லாதே, சாஸி."

மறுநாள் சாஸி ரபி சியோனிடம் போனார். என்ன கேட்கப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. ரபி தனியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தன் இருக்கான், ரபி."

"எந்த ஊர்க்காரன்?"

"தூரத்து ஊர். அவனுக்கு ஒரு காகிதம் கிடைச்சுது. அவனுக்கு ஒரு பொண்ணு இருக்கா. அந்தப் பொண்ணைக் கட்டினவன்..."

ரபி சடாரென்று புத்தகத்தை மூடினார். "நிறுத்து. நீ ஆரம்பிச்சதை முடிச்சேன்னா நான் இப்பவே எந்திரிச்சு பேர்ஷேவா போகணும், அது என் கடமை. முடிக்காம விட்டேன்னா நான் கேட்டது ஒரு கதை. கதைக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டாங்க."

"அந்த ஒருத்தன் தினமும் காலையில ஜெபாலயத்துல கோஹேனா நின்னு கையைத் தூக்கி ஜனங்களை ஆசீர்வாதம் பண்றான், ரபி. அவனுக்கு அந்த உரிமை..."

"அதையும் நீ சொல்லலை."

"அவனுக்கு வழியே இல்லையா?"

"தெரியலை." ரபியின் கண் கலங்கியிருந்தது. "நாப்பது வருஷமா எல்லாருக்கும் வழி சொல்றேன். பானைக்குச் சொன்னேன், கரண்டிக்குச் சொன்னேன். இவனுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் அவனுக்காக அழுதேன்னு மட்டும் சொல்லு."

பத்திரத்தைக் கமூனாவே எடுத்துக்கொண்டு போனாள். ஜெபாலயத்தில் கிழிந்த ஜெபப் புத்தகங்களை எரிக்காமல் மூட்டை கட்டிப் புதைக்க வைத்திருப்பார்கள். அதில் ஒரு புத்தகத்தின் நடுவில் சொருகிவிட்டு வந்தாள். திரும்பியதும் தைத்தா மூலம் சாஸிக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் ஸ்பானர் பையோடு வந்து நின்றார்.

"குழாய் ஒழுகலை" என்றாள் கமூனா. "இனிமே ஒழுகினாலும் நீ வராதே. நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

"அவன் வந்தா இருக்கிறதையும் உடைப்பான்."

"உடைக்கட்டும்." அவள் வாசற்படிக்கு உள்ளே நின்றாள். "கூடாதுன்னு இருந்த வரைக்கும் தாங்கினேன் சாஸி. பதினோரு வருஷம் நல்லாத்தான் தாங்கினேன். இப்ப கூடும்னு தெரிஞ்சுபோச்சு. நீ இங்க படியில உட்கார்ந்து சாப்பிடறதை என்னால பார்க்க முடியாது."

தைத்தா எழுந்தாள். விதைப் பொட்டலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து சாஸியின் அம்மாவுக்குத் திதி வந்தது. மஸூதா இறந்து பதினேழு வருஷம். புதைத்த அன்று, பெற்ற தாய் என்பதால், கல்லறைத் தோட்டத்துக்குள் போக சாஸிக்கு அனுமதி இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. ஒவ்வொரு வருஷமும் வேலிக்கு வெளியே நின்றுதான் ஜெபம் சொல்வார். அந்த வருஷமும் போனார்கள். பெண்களுக்குத் தடை கிடையாது. ஸிவ்யாவும் கமூனாவும் உள்ளே போனார்கள். மாமியாரிடம் கமூனாவுக்கு எப்போதும் பிரியம்தான். கூட வந்த ஆண்களும் உள்ளே போனார்கள். வெளியே இரண்டு கோஹேன்கள் மட்டும், சாஸியும் பினஹாஸும்.

கேட் திறந்திருந்தது. உள்ளே இருபது அடி நடந்தால் அம்மாவின் கல். சாஸி மனதுக்குள் அந்த அடிகளை எண்ணினார். எந்தக் கட்டளையும் அவரைத் தடுக்கவில்லை. பதினேழு வருஷமாகவே தடுக்கவில்லை. அம்மா தனியாகக் கிடந்திருக்க வேண்டியதே இல்லை. அந்தக் கல்லைத் தொட்டு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும் போலிருந்தது. புருஷனைப் பயந்து பயந்து நேசித்த அந்தப் பெண்ணிடம், உன்னைப் போலவே நானும் மாட்டிக்கொண்டேன் அம்மா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கால் தானாக முன்னால் போயிற்று. ஓர் அடி. இன்னும் ஓர் அடி.

சட்டைக் கையைப் பினஹாஸ் பிடித்துக்கொண்டான்.

"மாமா, பார்த்து. மரக்கிளை அந்தக் கல்லறைங்க மேலேர்ந்து இங்க வரைக்கும் வந்திருக்கு. கிளைக்கு அடியில நிக்கறதும் உள்ள நிக்கறதும் ஒண்ணுதானே. எனக்கு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

அவன் குரலில் எவ்வளவு மரியாதை. எவ்வளவு அன்பு. உள்ளே ஸிவ்யா கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். கமூனா நிமிர்ந்து வேலிப் பக்கம் பார்த்தாள்.

"கவனிக்கலைப்பா" என்றார் சாஸி. இரண்டு அடி பின்னால் வந்து மருமகன் பக்கத்தில் நின்றுகொண்டார்.